நான்கு பண்ணை வீடுகளில் தொடங்கிய நகரம்: ஊர் வரலாற்றை எப்படிக் கற்பிப்பது?



பழைமை இருந்தால்தான் வரலாறு என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றிவிட்டது. மன்னன் ஆண்டிருக்க வேண்டும். கோட்டை நின்றிருக்க வேண்டும். கல்வெட்டு கிடைத்திருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாத ஊருக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை என்று பிள்ளைகளும் நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். "உன் ஊரைப் பற்றி எழுது" என்று இடுபணி கொடுத்துப் பாருங்கள். "எங்கள் ஊரில் ஒன்றுமே இல்லை, ஐயா" என்ற பதிலைக் கேட்காத ஆசிரியர் நம்மில் அரிது.

இந்த எண்ணத்தை மறுப்பதற்கு எனக்குப் பெரிதும் உதவிய ஊர் ஒன்று உண்டு. அது இங்கிலாந்தின் வடகிழக்கில், டீஸ் ஆற்றங்கரையில் இருக்கும் மிடில்ஸ்பரோ. நான் அங்கே சென்றதில்லை. பாலங்களைப் பற்றி ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாடம் தயாரிக்கும்போது அந்த ஊரின் பெயர் திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டது. தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, ஊர் வரலாறு என்பதை நாம் கற்பிக்கும் முறையையே மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். அதற்கான காரணங்களைத்தான் இங்கே முன்வைக்கிறேன்.

ஊர் பிறந்த கதை

1801ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது மிடில்ஸ்பரோவில் இருந்தவர்கள் 25 பேர். நான்கு பண்ணை வீடுகள், சுற்றிலும் சதுப்பு நிலம், அருகே ஆறு. இடைக்காலத்தில் அங்கே துறவியர் மடம் ஒன்று இருந்தது என்பதைத் தவிர, வரலாற்று நூலில் இடம்பெறும் தகுதி எதுவும் அவ்விடத்திற்கு இருந்ததாக எவரும் கருதியிருக்க மாட்டார்கள்.

1825இல் ஸ்டாக்டன்-டார்லிங்டன் இரயில் பாதை திறக்கப்பட்டது. நிலக்கரியை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து கப்பலில் ஏற்றுவதற்காக அமைக்கப்பட்ட பாதை அது. ஆனால் ஸ்டாக்டன் அருகே ஆறு வளைந்து வளைந்து ஆழமின்றி ஓடியதால் பெரிய கப்பல்கள் வருவது கடினமாக இருந்தது. ஆகவே, ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஆழமான ஓர் இடம் தேவைப்பட்டது. குவேக்கர் சமயக் குழுவைச் சேர்ந்த ஜோசப் பீஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1829இல் மிடில்ஸ்பரோவில் ஏறத்தாழ 500 ஏக்கர் நிலத்தை 30,000 பவுனுக்கு வாங்கினார்கள். 1830 டிசம்பரில் இரயில் பாதை அங்கே வரை நீட்டிக்கப்பட்டது.

நடுவில் ஒரு சதுக்கம், அதிலிருந்து நான்கு திசைகளிலும் தெருக்கள் என்று வரைபடம் போட்டு ஊரை உருவாக்கினார்கள். வடக்குத் தெரு, தெற்குத் தெரு, கிழக்குத் தெரு, மேற்குத் தெரு என்று பெயரிட்டார்கள். வேறு என்ன பெயர் வைப்பது? நினைவுகூர அதுவரை யாரும் அங்கே வாழ்ந்து பெயர் பெற்றிருக்கவில்லை அல்லவா!

1831இல் மக்கள்தொகை 154. பத்தே ஆண்டுகளில், 1841இல் அது 5,463 ஆயிற்று. 1901இல் 90,000ஐத் தாண்டிவிட்டது. ஒரு நூற்றாண்டிற்குள் 25 பேர் 90,000 பேரானார்கள். இந்த எண்களை வெண்பலகையில் எழுதிவிட்டு, "ஏன் இப்படி நடந்தது?" என்று கேட்டால் போதும். பாடம் தானே நகரும்.

மலைக்குள் இருந்த விடை

முதலில் நிலக்கரி. பிறகு 1834இல் மட்பாண்டத் தொழிற்சாலை. 1841இல் ஹென்றி போல்கோவ் என்ற செருமானியரும் ஜான் வான் என்ற ஆங்கிலேயரும் இணைந்து ஓர் இரும்பாலையைத் தொடங்கினார்கள். 1842இல் கப்பல்துறை திறக்கப்பட்டது. ஆனால் நிலக்கரி ஏற்றுமதியை மட்டும் நம்பியிருந்தால் அந்த ஊர் அதிக நாள் செழித்திருக்காது. இரயில் பாதைகள் பெருகப் பெருக, நிலக்கரி கப்பலை நாடாமல் நேரே நகரங்களுக்குச் செல்லத் தொடங்கியது.

1850இல் ஊருக்கு அருகிலுள்ள எஸ்டன் மலையில் இரும்புத் தாது பெருமளவில் இருப்பதை ஜான் வான் கண்டறிந்தார். அதன்பின் ஆற்றங்கரை நெடுக ஊதுலைகள் எழுந்தன. அயர்லாந்து, வேல்சு முதலிய பகுதிகளிலிருந்து வேலை தேடி மக்கள் வந்து குவிந்தார்கள். 1862இல் அங்கு வருகை தந்த கிளாட்ஸ்டன், அந்த ஊரைக் கிரேக்கப் புராணத்து வீரனான ஹெர்குலிசின் குழந்தைப் பருவத்தோடு ஒப்பிட்டுப் பேசினார். அப்பொழுது அவர் பிரிட்டனின் நிதியமைச்சர், பின்னர் பிரதமரானவர்.

இதிலே ஆசிரியர்கள் தவறவிடக்கூடாத ஒரு பகுதி இருக்கிறது. அந்த மலையின் தாதுவில் பாஸ்பரசு கூடுதலாகக் கலந்திருந்தது. அதிலிருந்து இரும்பு செய்யலாம். நல்ல எஃகு செய்ய முடியாது. பாஸ்பரசு எஃகை நொறுங்கச் செய்துவிடும். உலகம் இரும்பிலிருந்து எஃகுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. விடை கிடைக்காவிட்டால் ஊரின் கதை அத்துடன் முடிந்திருக்கும்.

விடை கண்டவர் தொழிலதிபர் அல்லர்; பல்கலைக்கழகப் பேராசிரியரும் அல்லர். சிட்னி கில்கிறிஸ்ட் தாமசு என்ற இளைஞர், இலண்டனில் காவல் நீதிமன்ற எழுத்தராகப் பணியாற்றியவர். தந்தையார் இறந்துவிட்டதால் மேற்படிப்பைக் கைவிட்டு வேலைக்குச் சென்றவர். மாலை வகுப்புகளில் வேதியியல் கற்றார். வேதியியலாளரான உறவினர் பெர்சி கில்கிறிஸ்டோடு சேர்ந்து ஆய்வு செய்தார். உலையின் உட்சுவரைச் சுண்ணாம்புத் தன்மையுள்ள பொருளால் பூசினால், அது பாஸ்பரசை ஈர்த்துக் கசடாக வெளியேற்றிவிடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. 1879இல் போல்கோவ் வான் நிறுவனத்தின் ஆலையில் அது வெற்றிகரமாகச் செய்து காட்டப்பட்டது. அந்தக் கசடுகூட வயல்களுக்கு உரமாகப் பயன்பட்டது. தாமசு 1885இல், 34ஆம் வயதில் இறந்துபோனார்.

மாலை வகுப்பில் படித்த ஓர் எழுத்தர் ஒரு நகரத்தின் வாழ்நாளை நீட்டித்த கதை இது. படிப்பில் பின்தங்கிய மாணவனிடமும், பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கவலைப்படும் பெற்றோரிடமும் நான் இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

சின்னங்கள் சொல்வதும் சொல்லாததும்

மிடில்ஸ்பரோவின் அடையாளம் எது என்று கேட்டால், பெரும்பாலோர் டிரான்ஸ்போர்ட்டர் பாலத்தைத்தான் காட்டுவார்கள். 1911 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஆற்றைக் கடக்கப் பாலம் வேண்டும். ஆனால் உயர்ந்த பாய்மரக் கப்பல்கள் தடையின்றிச் செல்லவும் வேண்டும். இதற்காக ஆற்றின் மேலே மிக உயரத்தில் ஒரு எஃகுச் சட்டத்தை அமைத்தார்கள். அதிலிருந்து கம்பிகளால் ஒரு மேடையைத் தொங்கவிட்டார்கள். மக்களும் வண்டிகளும் அந்த மேடையில் ஏறி நிற்க, அது ஊஞ்சலைப் போல் தொங்கியபடியே அக்கரைக்கு நகர்ந்து செல்லும். பாலத்தின் மொத்த நீளம் 851 அடி. உயரம் 225 அடி. இவ்வகைப் பாலங்களில் உலகில் எஞ்சியிருப்பவற்றுள் இதுவே மிக நீளமானது.

படத்தைக் காட்டியவுடன் என் மாணவி ஒருத்தி, "ஐயா, பாலத்தில் சாலையைப் போட மறந்துவிட்டார்களா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஆனால் அதைவிடச் சிறந்த கேள்வியை நான் எதிர்பார்க்க முடியாது. "மறக்கவில்லை, வேண்டுமென்றே போடவில்லை. ஏன் என்று நீயே கண்டுபிடி" என்றேன். கப்பல் என்ற விடைக்கு வர அவர்களுக்கு ஐந்து நிமிடங்கள் ஆயின. ஒரு சின்னத்தைப் பார்த்து வியப்பதற்கும் அதைப் படிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அதே ஆற்றில் சற்று மேலே 1934இல் நியூபோர்ட் பாலம் கட்டப்பட்டது. கப்பல் வரும்போது சாலைப் பகுதி முழுவதும் மின்தூக்கிபோல் செங்குத்தாக மேலே எழும்பும். 1990இல் அது கடைசி முறையாக உயர்த்தப்பட்டது. கப்பல்கள் அவ்வழியே வருவது குறைந்துவிட்டதே காரணம். டிரான்ஸ்போர்ட்டர் பாலத்தின் தொங்கு மேடையும் 2019இல் பாதுகாப்புக் காரணங்களால் நிறுத்தப்பட்டது. ஆற்றின் தொழில் மாறியதை இந்தப் பாலங்களைக் கொண்டே மாணவர்கள் அறிந்துகொள்ள முடிகிறது.

நியூபோர்ட் பாலத்தைக் கட்டியது டார்மன் லாங் என்ற மிடில்ஸ்பரோ நிறுவனம். நியூகாசலில் 1928இல் திறக்கப்பட்ட டைன் பாலமும், 1932இல் திறக்கப்பட்ட சிட்னி துறைமுகப் பாலமும் அதன் பணியே. சிட்னி பாலத்து எஃகின் பெரும்பகுதி டீஸ் ஆற்றங்கரையில் உருவாகிக் கப்பலேறியது. நம் அண்டை நாடான தாய்லாந்தின் தலைநகர் பேங்காக்கில், சாவ் பிரயா ஆற்றின் குறுக்கே 1932இல் திறக்கப்பட்ட நினைவுப் பாலத்தையும் அந்நிறுவனமே கட்டியது.

ஊருக்குள்ளே வேறு வகைச் சின்னங்கள் உண்டு. போல்கோவ் 1853இல் முதல் மேயரானார். 1868இல் முதல் நாடாளுமன்ற உறுப்பினரானார். அதே ஆண்டில் ஆல்பர்ட் பூங்காவை ஊருக்கு நன்கொடையாக அளித்தார். அவருக்கும் வானுக்கும் சிலைகள் நிற்கின்றன. டார்மன் லாங் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஆர்தர் டார்மன், போயர் போரில் உயிர்நீத்த தம் மகனின் நினைவாக 1904இல் டார்மன் அருங்காட்சியகத்தை நிறுவினார். இவற்றையெல்லாம் குறை சொல்ல நான் வரவில்லை. ஊருக்குப் பூங்காவும் அருங்காட்சியகமும் தந்தவர்கள் நினைக்கப்பட வேண்டியவர்களே.

எனினும் ஓர் ஆசிரியன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உலையின் முன் நின்றவனுக்கு எங்கே சிலை? அவன் மனைவியின் பெயர் எந்தப் பலகையில் இருக்கிறது?

இக்கேள்விக்கு ஓரளவு விடை தரும் நூல் ஒன்றுண்டு. இரும்பாலை முதலாளி ஒருவரின் மனைவியான புளோரன்சு பெல் 1907இல் வெளியிட்ட 'அட் த வொர்க்ஸ்' என்ற நூல் அது. பல ஆண்டுகளாக ஆயிரத்திற்கும் மேற்பட்ட தொழிலாளர் வீடுகளுக்குச் சென்று, அவர்களின் வேலை, வருவாய், செலவு, நோய், வாசிப்பு, குழந்தை வளர்ப்பு ஆகியவை பற்றித் திரட்டிய செய்திகளின் தொகுப்பு. முதலாளி வீட்டுப் பெண்மணியின் பார்வை அதில் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு குடும்பம் வார வருமானத்தை எப்படிப் பங்கிட்டுச் செலவழித்தது என்பதை நாம் இன்று அறிவதற்கு அவர் எழுதி வைத்ததே காரணம். சிலையும் கட்டடமும் சொல்லாத வரலாற்றை ஏடு சொல்கிறது. யாராவது ஒருவர் கேட்டு எழுதி வைத்தால்தான் அது நிலைக்கும்.

ஒரு வாரத்தில் முடிந்த வழக்கு

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான செய்திக்கு வருகிறேன்.

மிடில்ஸ்பரோவுக்குக் கிழக்கே, சவுத் பேங்க் பகுதியில் டார்மன் லாங் கோபுரம் என்ற கான்கிரீட் கட்டடம் ஒன்று இருந்தது. 1950களின் நடுப்பகுதியில் கட்டப்பட்டது. கோக் கரி தயாரிக்கும் ஆலைக்கு நிலக்கரியைச் சேமித்து வைப்பதற்கான கோபுரம். அதன் மேற்பகுதியில் நிறுவனத்தின் பெயர் பெரிய எழுத்துகளில் இருந்தது. அழகான கட்டடம் என்று எல்லாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் வேலைக்குச் சென்றவர்களும் திரும்பியவர்களும் நாள்தோறும் பார்த்த கட்டடம்.

அந்த வட்டாரத்தின் எஃகுத் தொழில் பல கைகள் மாறிய வரலாறு உடையது. 2007இல் இந்தியாவின் டாட்டா நிறுவனம் அதை வாங்கியது. ஆற்று முகத்துவாரத்தில் ரெட்கார் என்ற இடத்தில் இருந்த ஊதுலையை 2010இல் நிறுத்தி வைத்தது. 2011இல் தாய்லாந்தைச் சேர்ந்த சகவிரியா நிறுவனம் அதை வாங்கி, 2012இல் மீண்டும் உலையை மூட்டியது. 2015இல் அதுவும் மூடப்பட்டது. ஏறத்தாழ 2,200 பேர் நேரடியாக வேலை இழந்தார்கள். பேங்காக்கிற்குப் பாலம் கட்டித் தந்த ஊரின் கடைசி ஊதுலை, எண்பது ஆண்டுகளுக்குப்பின் பேங்காக்கிலிருந்து வந்த ஒரு நிறுவனத்தின் கையில் அணைந்தது. உலகப் பொருளாதாரம் எப்படித் திசை மாறுகிறது என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு பாடநூலில் கிடைப்பது அரிது.

ஆலை நிலத்தைச் சீர்படுத்திப் புதிய தொழில்களுக்குத் தருவதற்காகப் பழைய கட்டடங்களை இடிக்கத் திட்டமிட்டார்கள். 2021 செப்டம்பரில் டார்மன் லாங் கோபுரத்தைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் அவசரமாகச் சேர்த்தார்கள். ஒரு வாரத்திற்குள் அம்முடிவு திரும்பப் பெறப்பட்டது. அம்மாதம் 19ஆம் நாள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2022 நவம்பரில் ரெட்கார் ஊதுலையும் தரைமட்டமானது.

இடித்தவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. பயனற்ற கோபுரத்தைப் பழுதுபார்க்கப் பெருந்தொகை வேண்டும். அந்த இடத்தில் புதிய வேலைவாய்ப்பு வந்தால் இளைஞர்களுக்கு நல்லது. வேலை இழந்தவனுக்கு நினைவுச்சின்னம் சோறு போடுமா என்று கேட்டால், அதற்கு எளிதான பதில் இல்லை. மேலும், அந்த ஆலைகள் இனிமையான இடங்கள் அல்ல. வெப்பம், புகை, விபத்து, நுரையீரல் நோய் ஆகியவை அங்கே வாழ்ந்தவர்கள் சுமந்த பாரம். தூரத்தில் அமர்ந்து அதைக் கவிதையாக்குவது நமக்கு எளிது.

இருந்தும் என் கருத்து இதுதான். எல்லாவற்றையும் பாதுகாக்க முடியாது, பாதுகாக்கவும் வேண்டாம். ஆனால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற முடிவை ஒரு வாரத்தில், ஊராரிடம் பொறுமையாகக் கேட்காமல் எடுக்கக்கூடாது. பூங்கா தந்தவரின் சிலைக்கு எந்த ஆபத்தும் நேர்வதில்லை. அதைச் சுற்றி எப்போதும் வேலி இருக்கிறது. தொழிலாளி நின்ற இடத்திற்குத்தான் முதலில் வெடி வைக்கப்படுகிறது. காரணம் பகையன்று. அந்த இடத்தை வரலாறு என்று கருதும் பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். அந்தப் பழக்கம் வகுப்பறையில்தான் உருவாக வேண்டும்.

சிறியதையும் போற்றலாம்

இதற்கு மாறான நல்ல எடுத்துக்காட்டும் அதே ஊரில் உண்டு. 1966 உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியில் வட கொரியா இத்தாலியை 1-0 என்று வீழ்த்தியது மிடில்ஸ்பரோவின் அயர்சம் பார்க் திடலில்தான். கோலடித்தவர் பாக் டூ இக். 1995இல் அத்திடல் மூடப்பட்டு, பின்னர் அங்கே வீடுகள் எழும்பின. ஆனால் அந்தப் பந்து உதைக்கப்பட்ட இடத்தை ஒரு சிறிய வெண்கல அடையாளத்தால் குறித்து வைத்திருக்கிறார்கள். 2002இல் அந்த வட கொரிய அணியின் எஞ்சிய வீரர்கள் மிடில்ஸ்பரோவுக்கு மீண்டும் வந்தபோது ஊர் அவர்களை மகிழ்ச்சியோடு வரவேற்றது. பெரிய திடலைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் நினைவைக் காப்பாற்ற முடிந்தது. செலவும் பெரிதில்லை.

இன்னொன்று. கடலோடி ஜேம்சு குக் 1728இல் பிறந்தது மார்ட்டன் என்ற சிற்றூரில். அது இன்று மிடில்ஸ்பரோவின் ஒரு பகுதி. அவர் ஒரு பண்ணைத் தொழிலாளியின் மகன். பிறந்த குடிசை இன்றில்லை. அது இருந்த இடத்தைக் கருங்கல் தாழி ஒன்றினால் குறித்தவர் போல்கோவ். 1978இல் அதனருகே அருங்காட்சியகம் அமைந்தது. குக் உலகப் புகழ் பெற்றதால் அந்தக் குடிசை இடம் பெருமை அடைந்தது. அதே தெருவில் பிறந்து, அதே நிலத்தை உழுது, பெயரின்றி மறைந்தவர்களையும் மாணவர் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் சேர்த்துச் சொல்வதுண்டு. குக்கின் கப்பல் சென்று சேர்ந்த தீவுகளில் வாழ்ந்த மக்கள் அந்த வருகையை எப்படிப் பார்த்தார்கள் என்பதும் அதே பாடத்தில் இடம்பெற வேண்டிய கேள்வியே.

வகுப்பறைக்கு ஐந்து கேள்விகள்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், உள்ளூர் வரலாறு கற்பிப்பது எப்படி என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அருகிலிருப்பதிலிருந்து தொலைவுக்குச் செல் என்பது விதி. அது நல்ல விதிதான். ஆனால் அருகிலிருப்பதைப் பார்க்கக் கண் பழகாதபோது, சில வேளைகளில் தொலைவிலிருந்து தொடங்குவதே பயன் தருகிறது. அந்நிய ஊர் ஒன்றைப் படித்துப் பழகிய கண், தன் ஊரைப் புதிதாகப் பார்க்கிறது. மிடில்ஸ்பரோவைக் கொண்டு நான் மாணவர்களிடம் கேட்கும் ஐந்து கேள்விகள் இவை:

1. இந்த ஊர் ஏன் இந்த இடத்தில் இருக்கிறது? (ஆற்றின் ஆழம், இரயில் பாதை, மலையின் தாது.)
2. இங்கு வந்தவர்கள் எங்கிருந்து, எதற்காக வந்தார்கள்?
3. இந்தச் சின்னம் எந்தத் தேவைக்காக எழுந்தது? அந்தத் தேவை இன்றும் இருக்கிறதா?
4. பலகையில் யார் பெயர் இருக்கிறது? யார் பெயர் இல்லை?
5. இதை இடிக்க வேண்டுமா, வைத்திருக்க வேண்டுமா? உன் முடிவுக்குக் காரணம் என்ன?

ஐந்தாம் கேள்விக்கு வகுப்பை இரண்டாகப் பிரித்து விவாதிக்கச் செய்யுங்கள். டார்மன் லாங் கோபுரத்தை இடிக்கலாம் என்று ஓர் அணி; கூடாது என்று மற்றோர் அணி. பிறகு அணிகளை மாற்றிவிடுங்கள். தான் எதிர்த்த கருத்துக்காகவே வாதாட நேரும்போதுதான் மாணவன் மறுபக்க நியாயத்தை உணர்கிறான். தேர்வுக்கு ஆண்டுகளை மனனம் செய்வதால் இந்தப் பயன் கிடைக்காது.

இதே கேள்விகளை நம் பிள்ளைகள் தங்கள் இடத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டு, பள்ளி இடம் மாறி, பாட்டன் பால்மரம் வெட்டிய நிலம் வீடமைப்புப் பகுதியாகிவிட்ட குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்த இடத்தில் ஒரு பலகைகூட இல்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் பாட்டி இன்னும் வீட்டில் இருக்கிறார் அல்லவா?

பெற்றோர்களே, உங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. பள்ளி விடுமுறையில் பிள்ளையைப் பேரங்காடிக்கு அழைத்துச் செல்லும் நாள்களில் ஒரே ஒரு நாளை ஒதுக்குங்கள். நீங்கள் வேலை செய்த இடத்தையோ, உங்கள் பெற்றோர் வேலை செய்த இடத்தையோ காட்டுங்கள். இடம் இல்லாமற்போயிருந்தால், அது இருந்த திசையைக் காட்டுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள், எதைச் சாப்பிட்டார்கள் என்று பாட்டியைச் சொல்லச் செய்து, பிள்ளையை ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். புளோரன்சு பெல் ஊரார் வீட்டுக்குப் போய்ச் செய்ததை உங்கள் பிள்ளை சொந்த வீட்டிலேயே செய்யலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். அந்தக் குறிப்பேடு வந்ததும் சந்திப்பிழைக்குச் சிவப்பு மையைத் தேடாதீர்கள். முதலில் படியுங்கள். பிறகு நூலகத்தில் ஓர் இடம் கொடுங்கள்.

மிடில்ஸ்பரோவுக்கு ஒரு குறிக்கோள் வாசகம் உண்டு. இலத்தீனில் 'எரிமசு' என்பார்கள். 'நாம் இருப்போம்' என்று பொருள். இடைக்காலத்தில் அப்பகுதியின் பிரபுக்களாக இருந்த டி புரூஸ் குடும்பத்தின் வாசகம் 'நாம் இருந்தோம்' என்பது. புதிதாகப் பிறந்த ஊர் அதை எதிர்காலத்திற்கு மாற்றிக்கொண்டது. நம்பிக்கையுள்ள வாசகம். ஆனால் ஓர் ஆசிரியனாக எனக்குத் தோன்றுவது இது: 'இருந்தோம்' என்பதை எழுதி வைக்காத ஊரின் பிள்ளைகள், 'இருப்போம்' என்று எந்தத் துணிவில் சொல்வார்கள்?

உங்கள் பள்ளியில் உள்ளூர் வரலாற்றை எப்படிக் கற்பிக்கிறீர்கள் என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தயங்காமல் தெரிவியுங்கள். நல்ல இடுபணிகள் இருந்தால் பகிர்ந்துகொள்ளுங்கள். மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படும்.